முசலி மக்கள் சார்பில்

நான் எழுதிய மகஜர்களின் பிரதிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஜனாதிபதிக்கு, பிரதமருக்கு, மன்னார் அரசாங்க அதிபருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்துபோன தூதுக்குழுக்களுக்கு. எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "முசலிப் பிரதேச மக்களாகிய நாங்கள்..." அந்த நாங்கள் யார் என்று வாங்கிய அதிகாரிகளில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பள்ளி நிர்வாகத்தில் நாலைந்து பேர், மீன்வாடி முதலாளி ஒருவர், நான். மிச்சக் கையொப்பங்கள் ஜும்மா முடிந்து ஆட்கள் செருப்புத் தேடுகிற நேரத்தில் வாங்கியவை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தவர்கள் குறைவு. "மாஸ்டர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டுப் போனவர்கள்தான் கூட.

அந்த மாஸ்டர் நான். வரலாறு படிப்பித்தவன். தமிழில் கோவையாக எழுதுவேன். அகதியாகப் போன இடத்தில் சிங்களமும் பழகிக்கொண்டேன். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு முப்பது வருடமளவில் ஒரு ஊருக்கே வாயாக இருந்திருக்கிறேன். யாரும் எனக்கு வாக்களிக்கவில்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. பேனை என் கையில் இருந்தது, அவ்வளவுதான். இப்போது எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம். யாரும் பிடித்துவைத்துக் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

முசலி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: மன்னாருக்குத் தெற்கே, அருவியாற்றைத் தாண்டினால் அரிப்பு, பிறகு சிலாவத்துறை, கொண்டச்சி, பாலைக்குழி, கரடிக்குழி, மறிச்சுக்கட்டி. அதற்குக் கீழே மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வில்பத்துக் காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குளமும் வயலும். முஸ்லிம் ஊர்களும் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களும் கலந்து கிடக்கிற மண். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். எழுபத்தையாயிரம் பேரளவில் வெளியேறினோம். மன்னார்த் தீவுக்காரர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிக்காரர் பெரும்பாலும் காட்டுப் பாதையால் புத்தளம் நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பெயரெடுத்தவன் என்பதால் இங்கே அதை நீட்டவில்லை.

என் முதல் பிழை புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் நடந்தது. நிவாரணத்துக்குப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். ரூல் போட்ட சி.ஆர். கொப்பியில் கோடு கிழித்து எழுதினேன்: தொடர் இலக்கம், குடும்பத் தலைவர், அங்கத்தவர் தொகை, முந்திய விலாசம். தூரத்து உறவில் ஒரு சாச்சி, கணவர் மௌத்தானவர், இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்திருந்தார். தலைவர் என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுத என் கை போகவில்லை. அவருடைய தம்பியின் பெயருக்குக் கீழே அங்கத்தவர் தொகையில் மூன்றைக் கூட்டிவிட்டேன்.

"என்ட பேர் எங்க மகன்?" என்று கேட்டார்.

"உங்கட தம்பிட பேருக்குள்ள இருக்கீங்க சாச்சி. அரிசி ஒண்டும் குறையாது."

அரிசி குறையவில்லை, உண்மைதான். ஆனால் யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் என்று வந்தபோது, 1990இல் எத்தனை குடும்பம் என்ற கேள்வி எழுந்தது. முதலில் புரட்டியது அந்தப் பட்டியலைத்தான். சாச்சி அதில் ஒரு குடும்பமே இல்லை. தம்பியின் வீட்டில் மூன்று தலைகள், அவ்வளவுதான். காணித் துண்டு தம்பியின் பெயருக்குப் போனது. அதற்குள் சாச்சியின் பிள்ளைகளும் கட்டிக்கொடுத்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து, அது நான்கு கொடுப்பனவு எடுக்கவேண்டிய குடும்பமாக வளர்ந்திருந்தது. சாச்சி என்னோடு சண்டை போடவில்லை. "நீ அண்டைக்கே என்னை அழிச்சிட்டாய்" என்று ஒரு தரம் சொன்னார். கலியாண வீட்டில், சோறு பரிமாறும்போது, சிரித்துக்கொண்டு.

முகாம்களில் இப்படி எழுதியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. அது எனக்குச் சமாதானம் ஆகாது.

இரண்டாவது, திரும்பிப் போவது பற்றியது. போவோமா என்று கூட்டம் கூடியது பள்ளியில். பள்ளிக் கூட்டம் என்றால் ஆண்கள் கூட்டம். எல்லாக் கையும் உயர்ந்தது. "ஒருவர் விடாமல் அனைவரும் எமது பூர்வீக மண்ணுக்குத் திரும்பவே விரும்புகின்றோம்" என்று எழுதினேன். பொய். இருபது வருடத்தில் புத்தளத்தில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்திருந்தது. அவர்களுக்குப் பாடசாலை அங்கே, சிநேகிதர் அங்கே, தொழில் அங்கே. எங்கள் வீட்டிலேயே என் ராத்தாவின் மகள், "மாமா, தண்ணியும் இல்லாத, பஸ்ஸும் இல்லாத காட்டுக்குள்ள என்னைக் கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் மகஜரை முடித்தேன். கேட்டிருந்தால் உண்மை இப்படி வந்திருக்கும்: வயதானவர்களுக்குப் போக ஆசை, நடுவயதுக்காரருக்குக் காணி வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை புத்தளம் வேண்டும். பாதி இங்கே, பாதி அங்கே. அப்படித்தான் நடந்தது. முசலியில் கட்டிய வீடுகள் பல மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பெருநாளுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும்தான் விளக்கு எரியும்.

வாக்குரிமையும் இதே இழுபறியில்தான் கிடந்தது. சாப்பிடுவது புத்தளத்தில், பதிவு மன்னாரில். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பில் பெயரைப் பதிந்துகொள்ள 2013இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பஸ் வரிசை மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஒரு புள்ளடி போடுவதற்கு விடியச் சாமம் பஸ் ஏறிய அந்தச் சனத்தைப் பற்றித்தான் நான் "அனைவரும்", "ஒருவர் விடாமல்" என்றெல்லாம் எழுதித் தள்ளினேன். அந்த பஸ்களில் இருந்தவர்களுக்கு பாராளுமன்றத்தில் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கான ஆறு ஆசனங்களில் யார் தங்களுக்காகப் பேசுவார் என்று தாங்களே தீர்மானிக்கச் சில வருடத்துக்கு ஒரு தடவையாவது சந்தர்ப்பம் வந்தது. என்னை மாற்ற அவர்களுக்கு அப்படி ஒரு வழியும் இருக்கவில்லை.

ராத்தாவின் மகளுடைய நிக்காஹ்வில் இது உறைத்தது. அவளுடைய வாப்பா மௌத்து. வலியாக, அதாவது மணமகளுக்காகப் பேசும் பொறுப்பாளராக, அவளுடைய சிறிய தந்தை இருந்தார், நான் சாட்சி. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி பதிவில் மணமகள் கையொப்பமிடத் தேவையில்லை. அவளுக்காக வலி கையொப்பமிடுவார். இதைத் திருத்த வேண்டும் என்று பெண்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் கையொப்பமிடாமலே மணமகளாகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அன்று அந்தச் சிறிய தந்தை உள்ளே போய், "உனக்குச் சம்மதமா மகள்? இல்லையெண்டா இப்பவே சொல்லு, நான் வெளிய போய் நிப்பாட்டுறன்" என்று கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்தார். சட்டம் அதைக் கேட்கவில்லை; அவர் கேட்டார். ஆயிரக்கணக்கான பேருக்கு வலியாக இருந்த நான் ஒரு வீட்டுக்குள்ளும் போய்க் கேட்டதில்லை.

இனி வில்பத்து. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பக்கத்தை ஒதுக்கக் காடு என்று வர்த்தமானியில் போட்டார்கள். நாங்கள் இல்லாத இருபது வருடத்தில் வயலில் காடு வளர்ந்திருந்தது. அங்கே ஊர் இருந்ததை நேரில் வந்து விசாரிக்காமல், மேலிருந்து பார்த்து எல்லை போட்டார்கள் என்பது எங்கள் ஆட்களின் முறைப்பாடு. அந்தக் காட்டுக்குள்தான் கட்டிய கிணறுகளும் பள்ளியின் அத்திவாரமும் கிடந்தன. வரைபடத்தில் கிணறு விழவில்லை. பிறகு 2015இல் தொலைக்காட்சியும் பேஸ்புக்கும் கிளம்பின. வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றுகிறார்கள் என்று. வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பூட்டிய வீடுகளைக் காட்டி, "பாருங்கள், இங்கே யாரும் இல்லை" என்றார்கள். நான் "ஒருவர் விடாமல்" என்று எழுதிய தாளையே எங்களுக்கு எதிராகக் காட்டலாம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் திரும்ப விரும்பினால் வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது? உண்மையை முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

இந்தக் கரையைக் காணாமலே கதை கட்டுவது புதிதில்லை என்று வகுப்பில் சொல்வேன். 1863இல் பாரிசில் பிசே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 'முத்துக் குளிப்போர்' என்று ஒரு இசை நாடகம் மேடையேற்றினார். கதைக்களத்தை முதலில் மெக்சிக்கோ என்று வைத்து, பிறகு இலங்கை என்று மாற்றினார்கள். எங்கள் அரிப்பு, மறிச்சுக்கட்டி முத்துச்சலாபத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்த கையோடு நான் செய்ததைச் சொல்கிறேன். பிரசாரத்துக்குப் பதில் எழுதும்போது, "ஒரு மரமும் வெட்டப்படவில்லை, எமது பழைய குடியிருப்புக் காணிகளே துப்புரவு செய்யப்பட்டன" என்று எழுதினேன். முன்பாதி பொய். என் கண்ணால் புல்டோசரைக் கண்டவன் நான். பழைய ஊர்க் காணி என்றாலும் பாலையும் வீரையும் வளர்ந்து நின்ற இடம்; பழைய ஊருக்கு வெளியிலும் சில இடங்களில் பிளேடு போனது. பெருகிய குடும்பங்களுக்கு இடம் வேண்டும் என்ற நியாயத்தை அப்படியே எழுதியிருக்கலாம். 1990இல் இருந்த ஒரு வீடு இன்று நான்கு வீடு, அதற்குக் காணி எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டிருக்கலாம். அது வலுவான கேள்வி. அதை விட்டுவிட்டு, படம் பிடித்தால் பிடிபடக்கூடிய பொய்யை எழுதினேன். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காடழிப்பு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, மரம் மீள நடுகிற செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அகதிகள் சொந்த ஊருக்குத் திரும்பிய உரிமைக் கதை, ஒரு அரசியல்வாதியின் காட்டு வழக்காகச் சுருங்கிப் போனது. அதற்கு முழுக் காரணம் நான் இல்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தில் என் பேனைக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் கை நிற்கிற தாள் அதுவும் இல்லை. அது 2017 ஏப்ரலில் எழுதியது.

அந்த வருடம் மார்ச் 24ஆம் திகதி, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடியே ஒரு வர்த்தமானியில் கையெழுத்திட்டார். மாவில்லு பேணற்காடு, 40,030 ஹெக்டயர். எங்கள் ஆட்கள் அதை எதிர்த்து மறிச்சுக்கட்டியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அதே மாதத்தில், மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழர்களும் தங்கள் ஊருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை 2007 செப்டெம்பரில் இராணுவம் வெளியேற்றியது. பிறகு அந்த ஊரில் கடற்படை முகாம் அமைத்தது. 2012இல் அவர்களைத் தங்கள் ஊருக்குள் விடாமல் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடியேறச் சொன்னார்கள். ஒரே பிரதேச செயலகப் பிரிவு, ஒரே மாதம், ஒரே வெயில், இரண்டு கொட்டகை.

எங்கள் கொட்டகையில் இரவு மகஜர் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியப் பொடியன் ஒருவன் பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், முள்ளிக்குளத்து ஆக்களையும் ஒரு பந்தியில சேர்ப்பமே. அவங்கட காணியும் முசலிதானே."

சரி என்று எழுதினேன். நல்ல பந்திதான், கடற்படையிடமிருந்து முள்ளிக்குளத்தை விடுவிக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. விடியப்புறம் ரைப் பண்ணக் கொடுக்கும்போது அதைக் கோடிட்டு வெட்டினேன். யாரும் வெட்டச் சொல்லவில்லை. கடற்படை என்ற சொல் வந்தால் கொழும்பில் தாளைத் தூக்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். மறுபாதியைச் சொல்வதற்குத்தான் இந்த வாக்குமூலமே: 1990இல் நாங்கள் நடந்து போனபோது எங்களுக்காக யார் மகஜர் எழுதினார்கள் என்ற கசப்பு. முள்ளிக்குளத்து மீனவன் அப்போது என்ன செய்திருக்க முடியும்? துவக்குக்கு முன்னால் அவனுக்கும் வாய் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினேன். தலைப்பை மட்டும் வெட்டவில்லை. "முசலிப் பிரதேச மக்கள் சார்பில்" என்று அப்படியே போனது. பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

சில நாள் கழித்து சிலாவத்துறைச் சந்தியில் முள்ளிக்குளத்துக்காரர் ஒருவர் என்னைக் கண்டார். அவருடைய தகப்பனிடம் என் வாப்பா மீன் எடுத்தவர்.

"மாஸ்டர், பேப்பரில பாத்தன். முசலிப் பிரதேச மக்கள் எண்டு போட்டிருக்கு. அப்ப நாங்க எந்தப் பிரதேசம்?"

"அது வேற விசயம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஓம், வேற விசயந்தான்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய காணியில் நூறு ஏக்கரை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. அவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசி எடுத்தது அது. என் பந்தி தேவைப்படவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் எங்கள் மகஜரிலும் அவர்கள் மகஜரிலும் இரண்டு பேருமே இருந்திருந்தால் கொழும்புக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும். முஸ்லிமுக்குக் காடு, தமிழனுக்குக் கடற்படை என்று எங்களைப் பிரித்து வைத்துப் பேச நாங்களே வசதி செய்துகொடுத்தோம்.

வரலாறு படிப்பித்தவன் என்பதால் இன்னும் வெட்கம். 1833இல் அமைத்த இலங்கைச் சட்டவாக்க சபைக்கு உள்ளூர் உறுப்பினர்களாக ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர் என்று நியமித்தார்கள். முஸ்லிம் இல்லை. அந்தத் தமிழ் உறுப்பினரே தமிழ் பேசுகிற முஸ்லிம்களுக்கும் சேர்த்து என்பது கணக்கு. 1888இல் அந்தத் தமிழ் ஆசனத்தில் இருந்த பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் ஆசியச் சங்கத்தில் உரையாற்றி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அடுத்த வருடம் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்து, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனமானார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்பே எழுதினார். இந்தப் பாடத்தை நான் கொதித்துக் கொதித்துப் படிப்பிப்பேன். "எங்களைக் கேட்காமல் எங்களுக்கும் சேர்த்துப் பேச இவர் யார்?" என்று மேசையில் தட்டுவேன். இராமநாதனாவது எங்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பிழை விட்டார். நான் முள்ளிக்குளத்தாரின் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு ஆட்களை வெளியே விட்டேன். எது பெரிய பிழை என்று என் பழைய மாணவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

முள்ளிக்குளத்து ஊரின் நடுப்பகுதி இன்னமும் கடற்படையிடம்தான் இருக்கிறது. சாச்சி போன வருடம் மௌத்தாகிவிட்டார். தம்பியின் பெயருக்குப் போன காணி சாச்சியின் பேரன் பெயருக்கு இன்னும் மாறவில்லை. அதை மாற்றக் கேட்கிற விண்ணப்பத்தை எழுதித் தரச் சொல்லிச் சாச்சியின் மகள் வந்தார். நீங்களே எழுதுங்கள், சொற்பிழை இருந்தால் மட்டும் பார்த்துத் தருகிறேன் என்றேன். எழுதிக்கொண்டு வந்தார். நான் எழுதுவதைவிடக் கட்டை. ஆனால் தலைவர் என்ற இடத்தில் தன் உம்மாவின் பெயரைப் போட்டிருந்தார். பிழை ஒன்றும் திருத்தவில்லை.

ஊரவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி மகஜர் எழுத என்னைக் கூப்பிடாதீர்கள். கொண்டச்சியிலும் மறிச்சுக்கட்டியிலும் முள்ளிக்குளத்திலும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பொம்பிளைப் பிள்ளைகள்தான் கூட. பழைய மகஜர்களில் உங்கள் கையொப்பம் எதற்குக் கீழே இருக்கிறது என்று பார்க்க விரும்பினால் வீட்டுக்கு வாருங்கள். பெட்டிக்குப் பூட்டு இல்லை.